ஓனர் பெயரை மாற்றிய மத்தியானம்

மகள் பெங்களூரிலிருந்து கூப்பிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். காலேஜில் படிக்கும்போது மலையாளத்தில் எழுதிய கதைகளெல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் கிடக்கின்றன, ஒரு பதிப்பகம் கேட்கிறது, நாளைக்குள் கொடுக்க வேண்டும், எடுத்து அனுப்பு என்றாள். அதே மூச்சில், "திறந்து படிக்காதே" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நேரத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் மூன்று வருஷமாகச் செத்துக் கிடந்தது. பழவங்காடியில் கடை போட்டிருக்கிற மெக்கானிக்கை வரவழைத்தேன். இரண்டு மணி நேரம் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டிருக்கிறேன், பழைய ஃபைல் எதிலும் கை வைக்கவில்லை சேச்சி என்றார். உள்ளதுதான். மகள் பெயரில் ஃபோல்டர் அப்படியே இருந்தது. தட்டினால்தான், உனக்கு அனுமதியில்லை என்று எழுத்து வந்தது. என் வீடு, என் மேஜை, வாராவாரம் தூசி தட்டுகிறவள் நான், எனக்கு அனுமதியில்லையாம். வந்ததே கோபம்.

மெக்கானிக் சிரித்தார். பழைய சிஸ்டத்தில் இருந்த ஆட்களைப் புதிய சிஸ்டத்துக்குத் தெரியாது, ஓனர் பெயரை மாற்றினால் திறந்துவிடும், நானே செய்து தருகிறேன் என்று மவுஸைப் பிடித்தார். வேண்டாம், எப்படி என்று மட்டும் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவள் எழுதியதை வேற்று மனுஷர் எதற்குப் பார்க்க வேண்டும்? ஒரு மாதிரியாகப் பார்த்தவர், காலண்டர் தாளின் பின்பக்கம் நாலு வரி எழுதி வைத்துவிட்டுப் போனார்.

படிக்காதே என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. எனக்கு நாகர்கோவில் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபோதே மலையாளம் பேசுவேன், ஆனால் ஒரு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்த மகள் அந்தத் தைரியத்தில்தான் டைரியை மலையாளத்தில் எழுதி மேஜைமேல் போட்டு வைப்பாள். கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்று நின்று, போர்டைப் பார்த்தே நான் எழுத்துக் கூட்டப் பழகிவிட்டது அவளுக்குத் தெரியாது. ஒரு வாரம், மத்தியானம் மத்தியானமாக உட்கார்ந்து, அந்த டைரியைக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். இடம் மாறியிருப்பதைப் பார்த்து, படித்தாயா என்று கேட்டாள். எனக்கெங்கே மலையாளம் தெரியும் என்றேன். நம்பினாள்.

நுணலும் தன் வாயால் கெடும். ஒரு மாசம் கழித்து ஏதோ சண்டையில், அவனோடு கல்லாற்றுக்குப் போனவள்தானே நீ என்று கத்திவிட்டேன். கல்லாற்றுக்குப் போன விஷயம் அந்த டைரியில் மட்டும்தான் இருந்தது. மறுநாளிலிருந்து டைரி இல்லை, எழுத்தெல்லாம் கம்ப்யூட்டருக்குள் போனது, பாஸ்வேர்டும் வந்தது. இப்போது வருஷத்துக்கு இரண்டு நாள் விருந்தாளி மாதிரி வருகிறாள். பெட்டியைப் பூட்டியே வைக்கிறாள். சொந்த வீட்டில்.

காலண்டர் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டினேன். நடுவில் இரண்டு தடவை எழுந்து போய், எரியாத அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓனர் என்ற இடத்தில் அவள் பெயர் இல்லை, நீளமாக ஏதோ நம்பர்தான் இருந்தது. பெயர் வைத்தவள் நான். எனக்கு என்னமோ போலிருந்தது. அந்த நம்பரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். ஃபைல் பெயர்கள் திரையில் கடகடவென்று ஓடின. ஃபோல்டர் திறந்துகொண்டது.

நாற்பதுக்கு மேல் ஃபைல்கள். எல்லாம் மலையாள எழுத்து. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கண் கூட்டிப் படிக்கிறதே, என்ன செய்ய? நடுவில் ஒன்றுக்கு 'அம்ம' என்று பெயர், மலையாளத்தில் அம்மாதான்.

அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோய் வைத்தேன். என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாள்? திட்டியிருப்பாளா, கொஞ்சமாவது நல்லது சொல்லியிருப்பாளா? ஊரெல்லாம் படிக்கப்போகிறது, நான் படித்தால் என்ன? எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, தெரியாது. விரலை எடுத்தேன். மொத்தத்தையும் பென்டிரைவில் போட்டுப் பக்கத்து இன்டர்நெட் கடைக்குக் கொண்டுபோய் அனுப்பிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் போன் வந்தது. எல்லாம் கிடைத்தது என்றாள்.

"படிச்சியாம்மா?"

"இல்ல மக்களே. சத்தியமா ஒரு வரி படிக்கல."

"மலையாளந்தானே. உனக்குத்தான் படிக்கத் தெரியுமே."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். படித்துவிட்டு இல்லை என்றபோது நம்பினாள். படிக்காமல் இல்லை என்கிறேன், நம்பவில்லை. உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்.

அங்கே இருக்கிறதை அழித்துவிடு என்றாள். போனை வைத்ததும் போய் அழித்தேன், 'அம்ம'வையும் சேர்த்து. அழித்துவிட்டேன் என்று மெசேஜ் போட்டேன். பார்த்துவிட்டாள். இதையாவது நம்பினாளோ என்னவோ.