வெட்டாத ஒலிப்பதிவு

தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கிறவருக்குப் பறவைச் சங்கத்தில் பெயின்ட்காரர் என்று பெயர். எட்டு வருடத்துக்கு முன், மஞ்சள் இறக்கையோடு அபூர்வப் பறவை ஒன்றைக் கண்டதாக எழுதிக் கொடுத்தார். அது ஈரப் பெயின்ட்டில் உரசிக்கொண்ட சிட்டுக்குருவி. அதற்கப்புறம் அவர் காக்காயைப் பார்த்தேன் என்றாலும், "காய்ஞ்சிருச்சா, தொட்டுப் பாத்தீங்களா?" என்றார்கள். ஆண்டு மலரில், 'முதலில் கண்டவர்' என்று ஒரே ஒரு வரி தன் பெயரில் வந்தால் இந்த வாய்களை அடைக்கலாம் என்று காத்திருந்தார்.

ஒரு ஞாயிறு காலை பல் துலக்கும்போது குளியலறை ஜன்னலுக்கு வெளியே, துணிக்கொடிக்கு மேல், கட்டைவிரல் பருமனில் ஒரு கதிர்குருவி. வெளிர்மஞ்சள் புருவம், இறக்கையில் இரண்டு கோடு. வலசையில் ஆயிரம் மைல் தள்ளி இறங்கவேண்டிய இனம். ஆனால் இதே அச்சில் இங்கே வழக்கமாக வருகிற இன்னொன்றும் உண்டு. குரலை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

வாயில் நுரையோடு செல்போனை நீட்டி நின்றார். இருபது நிமிடம் கழித்துக் குருவி மனமிறங்கி இரண்டு தரம் கூப்பிட்டது. மனைவி துணிக்கூடையோடு வந்ததும் அப்போதுதான்.

"ஏங்க, நுரையத் துப்பிட்டு நில்லுங்க. இதுக்கா இவ்ளோ கூத்து? வியாழக்கிழமையிலேருந்து இங்கதான் கத்திட்டிருக்கு. புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னேனே, காதுல வாங்குனீங்களா?"

"உஷ்!"

குருவி பறந்தது. பிறகு வரவில்லை.

மனைவி பேசியதும் அதில் பதிவாகியிருந்தது. ஒலிப்பதிவை வெட்டாமல் அனுப்பவேண்டும் என்பது சங்கத்தின் விதி. வெட்டினால் குருவி போச்சு, வெட்டாவிட்டால் அந்த வரி போச்சு. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் முழுசாக அனுப்பினார்.

சங்கத் தலைவர் போனில் கூப்பிட்டார். "குருவி அதேதாங்க, சந்தேகமே இல்ல. முதல்ல கண்டது உங்க வீட்டம்மா. தெளிவா சொல்றாங்க."

"அப்ப நான்?"

"நீங்க பல் விளக்கிட்டிருந்தீங்க. அதுவும் தெளிவா கேக்குது."

ஆண்டு மலர் வந்தது. மனைவி தன் பெயரை ஒருமுறை படித்தாள். கீழே பொடி எழுத்தில் 'ஒலிப்பதிவு: கணவர்' என்றிருந்தது.

"தேதி தப்பு. அது வந்தது புதன்கிழமை. அன்னைக்கு அவசரத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

"ஆதாரம்?"

"புதன்கிழமைதான உங்க யூனிஃபார்ம் காயும்? தோள்பட்டையில எச்சம் போட்டு வச்சிருந்துச்சு. மறுபடி துவைச்சேன்."

மீட்டர் கணக்கெடுக்கிறவர் திருத்தப் படிவத்தை எடுத்து, புதன் என்று எழுதினார்.