கரும்பின் அகலம்

என்னை வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போனது வேறு யாரும் இல்லை, என் வீட்டுக்காரர்தான். வேண்டுமென்று செய்யவில்லை. தள்ளினதே அவருக்குத் தெரியாது. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அதில்தான்.

நான் பார்ப்பது வீடு வீடாகப் போகிற வேலை. பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கிற கருவி, மாத்திரை அட்டைகள் எல்லாம் ஒரு பையில் இருக்கும். பை சைக்கிளின் முன்கூடையில் இருக்கும். வடக்கனந்தலை ஒட்டிய ஊர்களில் தொடங்கி, கல்வராயன் மலையடிவாரத்துக் குடியிருப்புகள் வரைக்கும் என் பொறுப்பு. அந்தப் பக்கம் பஸ் காலையில் வந்தால் அப்புறம் சாயங்காலம்தான். நடந்து போனால் பாதி வீடுகூடப் பார்க்க முடியாது. சைக்கிள் இருந்தால் எனக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் வேலை இல்லை. ஊரில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘மாத்திரைக்கா’ என்பார்கள். மாத்திரை போடாமல் டபாய்க்கிறவர்களை நான் திட்டினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்றும் சொல்வார்கள். கேட்கட்டும், அப்படியாவது அந்தத் தெருக்காரர்கள் மாத்திரை போடுவார்கள்.

வீட்டுக்காரருக்கும் அவர் தம்பிக்கும் சேர்த்து ஒரு டிராக்டர். கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஆலைக்கு லோடு அடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் கரும்பு டிராக்டர் என்றால் அதில் பாட்டு இருக்க வேண்டும். சீட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருப்பார்கள். எந்த டிராக்டர் வருகிறது என்று பாட்டை வைத்தே ஊர் சொல்லிவிடும். என் வீட்டுக்காரர் போடுவதெல்லாம் காதல் தோல்விப் பாட்டு. என்னைக் கட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளை பெற்று, மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிற மனுஷருக்கு எந்தக் காதல் தோற்றது என்று நானும் கேட்டுப் பார்த்துவிட்டேன். “பாட்டு கேட்டா தூக்கம் வராது” என்பார்.

பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லோடு கட்டுகிற விதம் இருக்கிறதே, அதுதான் பெரிய வம்பு. கரும்பை டிரெய்லரில் குறுக்கே அடுக்குவார்கள். நுனி இரண்டு பக்கமும் கை நீளத்துக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். ஓட்டுகிறவர் முன்னால் டிராக்டரில் உட்கார்ந்திருக்கிறார். டிராக்டர் சக்கரம் சைக்கிளைத் தாண்டிவிட்டது, பிரச்சினை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். பின்னால் வருவது முன்னால் போவதைவிட அகலம் என்பது அவருக்கு மறந்துபோகிறது. எங்கள் ஊர் டிரைவர்களுக்கு டிராக்டரின் அகலம் அத்துப்படி, கரும்பின் அகலம்தான் யாருக்கும் தெரியாது.

ஆலைக்குப் போகிற வழியில் ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம் உண்டு. ஒரு வண்டிதான் போகலாம். கரும்புக் காலத்தில் சைக்கிளில் வருகிறவர்கள் அங்கே இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். இந்தப் பக்கத்து டிராக்டர் எல்லாம் போய், அந்தப் பக்கத்துக் காலி டிராக்டர் எல்லாம் வந்து, அப்புறம்தான் நம் முறை. அப்படி ஒரு சட்டம் எங்கேயும் கிடையாது. பெரிய வண்டி முதலில், அவ்வளவுதான். வெயிலில் மாத்திரைப் பையோடு நான் அங்கே நின்ற நேரத்தைச் சேர்த்துவைத்திருந்தால் இன்னொரு ஊரே பார்த்திருப்பேன்.

அன்றைக்கு நான் மலையடிவாரத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பின்னால் பாட்டு கேட்டது. யார் என்று தெரிந்துவிட்டது. தெரிந்ததால் கொஞ்சம் அசட்டையாகவும் இருந்துவிட்டேன், நம் ஆள்தானே, பார்த்துப் போவார் என்று. ஒதுங்கலாம் என்றால் தார் ரோடு ஒரு சாண் மேலே, மண் ஒரு சாண் கீழே. இறக்கினால் சக்கரம் மாட்டிக்கொள்ளும். பெல் அடித்தேன். இன்னும் அடித்தேன். டிராக்டர் சக்கரம் என்னைத் தாண்டியது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கரும்பு நுனி தோளில் பட்டு, சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முழங்கால் வாய்க்கால் கல்லில் மோதியது. மாத்திரை அட்டை எல்லாம் சேற்றில். தலை நிமிர்ந்து பார்த்தால், விட்டுப்போன காதலியை நினைத்துப் பாட்டில் எவனோ உருகிக்கொண்டே போகிறான், அவனை ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்காரர் போகிறார். அழுகையைவிட முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் நன்றாக அழுதேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். என் முழங்காலில் கட்டுப் போட்டிருப்பதைப் பார்த்ததும் குதித்தார்.

“இன்னாமே ஆச்சி? யாரு தள்ளனது?”

“கரும்பு வண்டி.”

“எந்த நாயி அது? நிறுத்திக்கூடப் பாக்கலியா? நம்பர் பாத்தியா? சொல்லு, நாளைக்கு ஆலையில வச்சி அவனைத் தோலை உரிச்சிடறேன்.”

“பாத்தேன்” என்று நம்பரைச் சொன்னேன். அவர் வாய்க்குள் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முகம் போன போக்கை நான் வாழ்க்கைக்கும் மறக்கமாட்டேன்.

அப்புறம் மெதுவாக, “நீ பெல் அடிச்சிருக்கணும்” என்றார்.

“கை வலிக்க அடிச்சேன்யா.”

“பாட்டுல இன்னா கேக்கும்?”

வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ராத்திரி அவரே சோறு வடித்தார், கால் நீட்டி உட்காரச் சொல்லித் தட்டைக் கையில் கொடுத்தார். ஆனால் சாப்பிட்டு முடித்ததும் வந்தது தீர்ப்பு. “நாளையில இருந்து சைக்கிளு வேணாம். கரும்பு சீசன்ல ரோடு உனக்கு ஆவாது. வேலையை விட்டுட்டு வூட்ல இரு.”

தள்ளினது அவர், வீட்டில் இருக்க வேண்டியது நான். முழங்கால் வலி அப்படியே மண்டைக்கு ஏறியது. கத்தவில்லை. கத்தினால் அவருக்கு வசதி, எழுந்து வெளியே போய்விடுவார்.

“சரிய்யா, வுட்டுடறேன். ஆனா மாத்திரை நாளைக்குப் போய்ச் சேரணும். என்னால மிதிக்க முடியாது. உன் தம்பி வண்டி ஓட்டட்டும், நீ சைக்கிள மிதி, நான் பின்னால குந்திக்கினு வரேன். போய்ட்டு வந்து அப்பவும் இதே வார்த்தையச் சொல்லு. அதோட சைக்கிளத் தொடமாட்டேன்.”

சிரித்தார். “நான் ஓட்டாத சைக்கிளா?” என்றார். மாட்டிக்கொண்டார் என்று அப்போதே தெரியும் எனக்கு.

மறுநாள் காலை கிளம்பினோம். முதலில் ரோட்டுக்கு நடுவில் மிதித்தார், டிராக்டர் ஓட்டுகிற பழக்கம். “ஓரமாப் போய்யா, பின்னால வர்றவனுக்கும் ரோடு வேணும்ல” என்றேன். பைக்கில் வந்த ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டு முறைத்துவிட்டுப் போனதும் தானாக ஓரத்துக்கு வந்தார். இரண்டு ஊர் மாத்திரை கொடுத்தாயிற்று. வெயில் ஏறுகிற நேரம், பின்னால் காதல் தோல்வி கேட்டது. எங்கள் டிராக்டர்தான். கொழுந்தனார் ஓட்டிக்கொண்டு வருகிறார்.

“தம்பி வரான். பாத்து ஒதுங்கிப் போவான், நீ பயப்படாத” என்றார்.

“நானா பயப்படறேன்?” என்று கேரியரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இறங்கத் தயாராக வைத்துக்கொண்டேன்.

பெல் அடித்தார். அந்த பெல்லை என்னைவிட வேகமாக அடித்தார். “டேய் தம்பி!” என்று கத்தினார். டிராக்டரின் பெரிய சக்கரம் எங்களைத் தாண்டியது. அவர் தோள் தளர்ந்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன், நானும் நேற்று அப்படித்தான் மூச்சு விட்டேன். “கரும்பு!” என்று கத்திக்கொண்டே குதித்து இறங்கினேன். நுனி அவர் காதை உரசி, கன்னத்தில் ஒரு கோடு இழுத்து, சைக்கிளை மண்ணுக்குத் தள்ளியது. நல்லவேளை, ஒற்றைக் காலில் தத்தித் தத்தி நின்றுவிட்டார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ரத்தம். டிராக்டர் அதுபாட்டுக்குப் பாட்டு பாடிக்கொண்டு போயேவிட்டது.

“கண்ணு தெரியலியாடா உனக்கு!” என்று வெறும் ரோட்டைப் பார்த்துக் கத்தினார். நான் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

பாலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. ஆலைக்குப் போகிற டிராக்டர் எல்லாம் அங்கே நிற்கும். என்னையும் ஏற்றிக்கொண்டு மிதித்தார் பாருங்கள், அப்படி ஒரு வேகம் அந்த சைக்கிள் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடை வாசலில் தம்பி டீ ஆற்றிக்கொண்டு நின்றார். இன்னும் ஏழெட்டு டிரைவர்களும் இருந்தார்கள்.

“டேய், ஆளைத் தள்ளிட்டு வந்து டீயா குடிக்கற?”

“நான் எங்க தள்ளனேன்? நீ பெல் அடிச்சியா?”

“அடிச்சேன்டா! கத்தவும் கத்தனேன்!”

“பாட்டுல இன்னா கேக்கும்?” என்றார் கொழுந்தனார். டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து பிரஷர் மெஷினை எடுத்து, அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றினேன். மெஷினில் எண் ஏறிக்கொண்டே போனது. அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன்.

“ஒரு நாள் சைக்கிள்ல வந்ததுக்கு இவருக்கு இம்மாம் பிரஷரு. நான் தெனம் வரேன். இஸ்கூல் புள்ளைங்க தெனம் வருதுங்க. உங்க டிராக்டரு எங்களைத் தாண்டிடுது, கரும்பு தாண்டல. அதை யாராவது திரும்பிப் பாத்தீங்களா?”

சிரிப்பு நின்றது. அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் என்னிடம் மாத்திரை வாங்குகிறவர்கள், எதிர்த்துப் பேசத் தயங்கினார்கள். மீசைக்கார டிரைவர் ஒருவர் மட்டும் விடவில்லை.

“எங்க மேலயே சொல்றியேம்மா. உங்க இஸ்கூல் பசங்க இன்னா ஒழுங்கா? ஓடற வண்டியில கரும்பு உருவுறானுங்க. டிரெய்லரப் புடிச்சிக்கினு மிதிக்காமலே வரானுங்க. நாலு பேரு கைகோத்துக்கினு ரோட்ட அடைச்சிக்கினு போறானுங்க. பிரேக் போட்டா எவன் எந்தச் சக்கரத்துல மாட்டுவான்னு எங்களுக்கும்தான் வயித்தைக் கலக்குது.”

அது நியாயம். நியாயம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். “பசங்க பொறுப்பு என்னுது. நான் போற வூட்டு வாசல்லயே புடிச்சி நாலு வாங்கு வாங்குவேன். உங்க பொறுப்பு உங்குளுது” என்றேன்.

அன்றைக்கு ராத்திரி யாரும் சைக்கிளை விடச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் அரிவாளை எடுத்துக்கொண்டு லோடுக்கு இரண்டு பக்கமும் நடந்து, துருத்திக்கொண்டிருந்த நுனியை எல்லாம் தறித்தார். கயிற்றை உள்ளுக்கு இழுத்துக் கட்டினார். பின்னால் என் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துத் தொங்கவிட்டார். “இன்னாடா, பொண்டாட்டி புடவையோட ஆலைக்கு வரே” என்று எல்லாரும் கேலி பேசினார்களாம். “உன் பொண்டாட்டி புடவையும் கேட்டு வாங்கிக் கட்டு, ஜாஸ்தி நாள் வாழ்வே” என்றாராம் இவர். ஓடும்போது பாட்டைக் கம்மியாக வைப்பது, ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்வது என்று டிரைவர்களுக்குள் முடிவானது. ஆலை வாசலில் அந்த வருஷம் காது கிழிந்தது என்று கேள்வி.

நானும் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினேன். கரும்பு உருவுகிற பையன்களை அவரவர் அம்மா முன்னாலேயே நிற்கவைத்து வாங்கு வாங்கு என்று வாங்கினேன். ஒற்றை வரிசையில் போகச் சொன்னேன். டீக்கடையில் நிற்கும் வண்டியில் கேட்டால் கரும்பு தருவதாக டிரைவர்கள் ஒத்துக்கொண்டார்கள். கேட்டால் கிடைக்கும் என்று ஆனதும் பாதிப் பையன்களுக்குக் கரும்பு ஆசையே போய்விட்டது. மீசைக்காரர்தான் கடைசி வரைக்கும் முறுக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் டிரெய்லரிலும் ஒரு சிவப்புத் துணி ஆடிக்கொண்டு போனது. என்னைப் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த மாசம் அவருக்கு மாத்திரை கொடுக்கும்போது நானும் ஒன்றும் கேட்கவில்லை.

கரும்புக் காலம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மத்தியானம், பாலத்துக்கு வந்தேன். இந்தப் பக்கம் லோடு டிராக்டர்கள் வரிசையாக நின்றன, முதலில் எங்களுடையது. அந்தப் பக்கம் காலி டிராக்டர்கள். பழக்கத்தில் இறங்கி ஓரமாக நின்றேன். என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாட்டை நிறுத்தினார். எழுந்து நின்று எதிர்ப்பக்கத்துக்குக் கையைக் காட்டி, “நில்லு, நில்லு, சைக்கிள் வருது!” என்றார். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, போ என்று கையை நீட்டினார்.

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். பாலம் முழுக்க எனக்கு. கீழே ஆற்றில் கொஞ்சம்தான் தண்ணீர், தூரத்தில் மலை. இரண்டு பக்கமும் அத்தனை பெரிய வண்டிகள் நிற்க, நடுவில் நானும் என் மாத்திரைப் பையும் மட்டும் போனோம். நெஞ்சு அப்படி விம்மியது, வெளியே சொன்னால் கண் படும். அவசரப்படவே இல்லை. கல்யாண ஊர்வலம் மாதிரி மெதுவாகத்தான் போனேன்.

பாதிப் பாலத்தில் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“இன்னாமே, செயின் இப்டிக் கிறீச்சு கிறீச்சுன்னு கத்துது! எண்ணெ வுடக் கூடாதா?”

திரும்பிப் பார்க்காமல், “கேக்குதாய்யா உனக்கு?” என்று கத்தினேன்.

“கேக்குது, கேக்குது, நல்லாவே கேக்குது!”

அந்தக் கரும்பு வெட்டு முடிகிறவரைக்கும் நான் செயினுக்கு எண்ணெய் விடவில்லை.