முழு பிஸ்கட்

அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு முழு பிஸ்கட்டுக்கு. அதைக்கூட ஒரு வீடு தராமல் இருக்குமா என்றால், இருந்தது. நான் அவர்களுக்கு மாடி வீட்டுக்காரி. விடுமுறை இரவுகளில் அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் கட்டடத்தில் சின்னது பெரியது எல்லோருக்கும் அவள் பிஸ்கட்டக்கா. பிஸ்கட் ஆலையில் வேலை. வெந்து வெளியே வந்து ஓடும் பட்டையில் வரிசையாகப் போகிறவற்றில் உடைந்தது, ஓரம் போனது, கருகியது எல்லாவற்றையும் பொறுக்கிக் கூடையில் போட வேண்டும். கண்ணென்றால் அது கண். நிலாவை அந்தப் பட்டையில் ஏற்றிவிட்டால் பௌர்ணமியன்று மட்டும்தான் தாண்டிப் போக விடுவாள். மற்ற நாளெல்லாம் கழிவுக் கூடைதான். வாரக் கடைசியில் அந்தக் கூடையிலிருந்து ஆளுக்கொரு பை கிடைக்கும். முழுசு கடைக்கு, உடைசல் அவளுக்கு. அது ஆலைச் சட்டம், தொலையட்டும். வீட்டுக்கு என்ன கேடு?

ஆண்டுக் கடைசி விடுமுறை வந்தால் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு, போர்வையும் கையுமாக எல்லோரும் கூடத்தில் கூடுவார்கள். கணவர், மகன், அடுத்த தெருவிலிருந்து நாத்தனார். லவங்கப்பட்டை போட்டுச் சுண்டக் காய்ச்சிய கோகோ பால், மிளகுத்தூள் தூவி வறுத்த முந்திரி, வெண்ணெய் மணக்கும் நட்சத்திர பிஸ்கட் என்று எல்லாமே அவள் கைவேலை. ஆலையில் நின்ற காலோடு அடுப்படியிலும் நின்று, ஊற்றிக் கொடுத்து, மறுபடி ஊற்றிக் கொடுத்து, அப்பாடா என்று அவள் உட்காரும்போது பாத்திரத்தில் அடிப்பிடித்த மண்டியும், தட்டில் நட்சத்திரங்களின் ஒடிந்த முனைகளும்தான் மிச்சமிருக்கும். உடைந்தால் ருசி மாறிவிடுமா என்பார் கணவர், முழுசைக் கடித்துக்கொண்டே.

போன வருடம் ஒரு முழு நட்சத்திரத்தைக் கிண்ணத்துக்கு அடியில் மூடி வைத்திருந்தாள். நாத்தனார் கிண்ணத்தைத் தூக்கினாள், எடுத்தாள், கடித்தாள். அது நான் எனக்கென்று வைத்தது என்று அக்கா மெல்லச் சொன்னாள்.

"ஏன் அண்ணி, பகலெல்லாம் பிஸ்கட்டுக்குள்ளயே நிக்கிறீங்க. இன்னுமா அது மேல ஆசை?"

கூடம் சிரித்தது. கட்டிய புருஷனும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செருப்புக் கடை வைத்திருப்பவன் வெறுங்காலோடு நடக்கிறானா? பல் டாக்டர் தன் பல்லை விளக்காமல் விடுகிறாரா? நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்திவிட்டாள். அழுத்திய அழுத்தத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், அவள் இதை மறக்கப் போவதில்லை என்று.

இந்த வருடம் பெரிய தட்டை மூடியே கொண்டுவந்தாள். மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு நட்சத்திரம்கூட முழுசாக இல்லை. வானமே நொறுங்கி விழுந்த மாதிரி குவியல். அவள் தட்டில் மட்டும் ஐந்து முனையும் கூராக, ஓரம் பொன்னிறமாக ஒன்று. பக்கத்தில் நுரை ததும்பும் கோப்பை. யாரையும் பார்க்காமல் முதல் ஆளாக உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, எல்லாம் உடைஞ்சு போச்சா?"

"போகல. உடைச்சேன். ருசி ஒண்ணுதானே, எடுத்துக்குங்க."

நாத்தனார் முகம் சுண்டிப்போனது. மகன் போர்வைக்குள் தலையை இழுத்துக்கொண்டு குலுங்கினான். அக்கா நட்சத்திரத்தை எடுத்து ஒரு முனையைக் கடித்தாள். அந்த மொறுக்கில் மாடியில் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நம்பாதவர்கள் வந்து விரிசலைப் பார்க்கலாம்.

எங்கள் மூவருக்கும் கோகோ வந்திருந்தது. கணவரின் கோப்பை மட்டும் காலி. அடுப்படியில் இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள் என்றாள். போனார். பாத்திரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கோப்பையோடு அடுப்படி வாசலில் வந்து நின்று ஒரு வாய் குடித்தார். கருகல் வாடையும் பட்டைத் தூளும் தொண்டையில் சிக்கியிருக்க வேண்டும்.

"இதையா இத்தனை வருஷமா குடிச்சே?"

"உங்களுக்குச் சூடா கிடைச்சிருக்கு," என்றாள் அக்கா, இரண்டாவது முனையைக் கடித்தபடி. "நான் உட்கார்றதுக்குள்ள அது ஆறிப்போயிருக்கும்."