ஆடில்லாத வீட்டுக் குர்பானி

காஞ்சிபுரத்தில் மெத்தை என்றால் என் கடைதான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குச் சலாம் போட்டவன் நான். இன்று பட்டம் வாங்கியவர்கள் என் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பில் போடுகிறார்கள். எல்லாம் பேச்சுத் திறமை. அது எனக்குச் சின்ன வயதிலேயே இருந்தது என்பதற்கு ஒரு பக்ரீத்தைச் சாட்சிக்கு அழைக்கிறேன்.

அப்போது நாங்கள் உத்திரமேரூரில் இருந்தோம். அத்தா ஊர் ஊராகப் போய்ப் பஞ்சடித்து மெத்தை தைப்பவர். சாலவாக்கம் பக்கம் கல்யாண வீடு கிடைத்தால் எங்கள் வீட்டில் குழம்பு, கிடைக்காவிட்டால் கஞ்சி. ஆனால் பக்ரீத் மாதமான துல்ஹஜ் பிறை தெரிந்துவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. பகலெல்லாம் நோன்பு. பஞ்சடிக்கும் வில் ஒவ்வொரு முறை 'டொய்ங்' என்னும்போதும் 'அல்லாஹு அக்பர்' என்று ஒரு தக்பீர்.

"மெல்லமா சொல்லுங்க, பஞ்சு வாய்க்குள்ள பூடப் போவுது" என்பார் அம்மா.

"தை மாசத்துல கல்யாண சீசன் வந்தா நாம தூங்கிக்கினா கீறோம்? இது அல்லாவோட சீசன்மே. இந்தப் பத்து நாள்ல நன்மைய அள்ளினாத்தான் உண்டு" என்பார் அத்தா.

நான் ஆறாவது படித்த அந்த வருஷம் புதிதாக ஒரு சட்டமும் போட்டார். பெருநாள் தொழுகை முடியும்வரை வீட்டில் ஒருவரும் முடி வெட்டக் கூடாது, நகமும் வெட்டக் கூடாது.

காலையில் ஓதப் போகும் மதரசாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத் ஏற்கெனவே சொல்லியிருந்தார், ஆடு அறுத்துக் குர்பானி கொடுக்கிறவர்கள் அந்த நாட்களில் முடியும் நகமும் வெட்ட மாட்டார்கள் என்று. எங்கள் தெரு அரிசி மண்டி முதலாளி அப்படித்தான். அவருக்கு முன்பக்கம் தாடி வளரும், பின்கட்டில் ஆடு கத்தும். நான் கணக்குப் போட்டேன். நாங்களும் வெட்டவில்லை, ஆகவே எங்களுக்கும் ஆடு உண்டு. ஆட்டைக் காணோமே என்றால், கடைசி நாளில் ஓட்டிக்கொண்டு வருவார். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மறுநாளே பள்ளிக்கூடத்தில் பங்கு பிரித்துவிட்டேன். நெசவுக்கார வீட்டுக் கூட்டாளிக்குத் தொடைக்கறி, குடியானவர் வீட்டுக் கூட்டாளிக்கு ஈரல். அன்று முதல் கிரிக்கெட்டில் எனக்குத்தான் முதல் பேட்டிங். ஈரல்காரன் ஒரு படி மேலே போய், ஆட்டுக்கென்று ஒரு கட்டு அகத்தித் தழை கொண்டுவந்து கொடுத்தான்.

"யாருக்குடா இது?" என்றார் அம்மா.

"நம்ம ஆட்டுக்கு."

"நல்லா கீதுடா உன் ஆடு! நோன்பாளிய சிரிக்க வெக்காத, போ" என்று தழையை ஆய்ந்து பொரியல் செய்துவிட்டார். பெரியவர்கள் ரகசியமாக வைத்திருக்கிறார்கள், நாமும் தெரியாதது போலவே இருப்போம் என்று நான் இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை டிரில் வாத்தியார் நகம் பார்க்க வந்தார்.

"இன்னாடா இது, கரடி நகம்?" ஸ்கேலை ஓங்கினார்.

"குர்பானி சார். எங்க வூட்ல ஆடு அறுக்கறோம். அது வரிக்கும் வெட்டக் கூடாது."

ஸ்கேல் இறங்கியது. "அப்ப எனக்கு கறி வருமா?"

"ஒரு தூக்கு நிறைய சார்!"

"வரல, நகத்தோட சேத்து உன்னையும் வெட்டிடுவேன்" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. எனக்கென்ன பயம்? ஆடுதான் வரப் போகிறதே!

பெருநாளும் வந்தது. ஏரிக்கரைப் பக்கத்து மைதானத்தில் தொழுகை முடிந்ததும் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஆட்டிடம்தான் போகிறோம் என்று நானும் குதித்துக்கொண்டே போனேன். போய் நின்றது முடிவெட்டும் கடை.

"இன்னா பாய், பண்டிகையும் அதுவுமா இங்க வந்துகீறே? ஆடு அறுக்கல?" என்றார் கடைக்காரர்.

"கையோட கொண்டாந்துகீறேன், பாரு" என்று தன் தலையைத் தட்டிக் காட்டினார் அத்தா. பிஸ்மில்லா சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். பஞ்சு ஒட்டிய முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. நகமும் வெட்டிக்கொண்டார். அடுத்து என்னை உட்கார வைத்தார். எழுந்ததும் என் தலையைத் தடவிக் கொடுத்து, "முடிஞ்சுதுடா நம்ம குர்பானி" என்றார்.

"ஆடு?"

"வாங்க வசதி கீறவனுக்கு ஆடு. இல்லாதவன் இதைச் செஞ்சாலே முழு குர்பானியா அல்லா ஏத்துக்குவான். ஹஜ்ரத்த கேட்டுக்கினுதான் செஞ்சேன்."

"அல்லா ஏத்துக்குவான், டிரில் சாரு ஏத்துக்குவாரா?" என்று அங்கேயே ஓவென்று அழுதேன். முழுக் கதையும் வெளியே வந்தது. கடைக்காரர் சிரிப்புத் தாங்காமல் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். அத்தா சிரிக்கவில்லை. "யார் யாருக்குடா சொல்லிகீறே?" என்று மட்டும் கேட்டார்.

மதியத்துக்குள், குர்பானி கொடுத்த வீடுகளிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்கான பங்கு வந்தது. மந்தாரை இலையில் கொஞ்சம், அலுமினியக் கிண்ணத்தில் கொஞ்சம். அம்மா அதில் பாதியை உப்புக்கண்டத்துக்கு எடுத்து வைப்பது வழக்கம். அன்று அத்தா விடவில்லை.

"மொத்தத்தையும் குழம்பு வையி. இன்னிக்கு நாம வாங்கற வூடு இல்லமே, குடுக்கற வூடு."

கூட்டாளிகள் இருவரும் எங்கள் பாயில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சினார்கள். "உங்க ஆடு ஜோரா கீதுடா" என்றான் ஈரல்காரன். நான் பெருந்தன்மையாகத் தலையாட்டினேன்.

பிறகு தூக்கு நிறையக் குழம்பு எடுத்துக்கொண்டு டிரில் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். வழியெல்லாம் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான், அத்தா வாயைத் திறக்கக் கூடாது. திறந்தார்.

"சார், புள்ள தெரியாம சொல்லிட்டான். எங்க வூட்ல ஆடு ஏது? இது நாலு வூட்ல எங்களுக்கு குடுத்த கறி. அவன் சொன்ன சொல்லு பொய்யாப் பூடக் கூடாதுன்னு கொண்டாந்தேன்."

என் மானமே போயிற்று. வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று அத்தாவின் பின்னால் ஒளிந்தேன். அவரோ தூக்கை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "உக்காருங்க பாய், ஒரு வாய் காபி குடிச்சிட்டுத்தான் போவணும்" என்றார்.

அடுத்த முறை நகம் பார்க்க வந்தபோது, என் விரல்களைப் பிடித்துக்கொண்டே வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "இவங்க வூட்டு குர்பானி கறி வந்துதுடா. அப்படி ஒரு கறிய நான் தின்னதே இல்ல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன். மனசுக்குள் மட்டும் வாத்தியாருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன். எங்கள் வீட்டில் ஆடே இல்லை என்று அத்தா அவ்வளவு தெளிவாக எடுத்துச் சொல்லியும், படித்த மனுஷருக்கு அது மண்டையில் ஏறவே இல்லையே!