சாப்பாட்டு மேசையில் புழு டப்பா

எனக்குப் புழு என்றாலே ஆகாது. கத்தரிக்காய் நறுக்கும்போது உள்ளே ஒன்று நெளிந்தால் அன்றைக்கு அந்தக் குழம்பே கிடையாது. அப்படிப்பட்ட நான், மந்தைவெளி ஃபிளாட்டில், சாப்பாட்டு மேசைமேலேயே புழு வளர்க்கும்படி ஆயிற்று.

பால்கனித் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருக்கிறது. ரசத்துக்கு ஒரு கொத்து ஒடித்தேன். இலைமேல் காக்கா எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். எச்சம் நகர்ந்தது. நான் போட்ட கூச்சலில் பிள்ளைகள் இரண்டு பேரும் ஓடி வந்தார்கள்.

"அம்மா, கொன்னுடாத! பட்டாம்பூச்சிப் புழு அது. எங்க மிஸ் காட்டியிருக்காங்க" என்றாள் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள்.

செடியில் இன்னும் சில இருந்தன. காக்கா கொத்திவிடும் என்று எல்லாவற்றையும் இலையோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கிழிந்த கொசுவலையால் வாயைக் கட்டி மேசைமேல் வைத்தாள். என் கணவர் பக்கத்திலேயே தட்டைப் போட்டுக்கொண்டு, "அதுவும் நம்மகூட சாப்பிடட்டுமே" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

புழுக்கள் பச்சையாகிச் சுண்டுவிரல் கனத்துக்குப் பெருத்தன. ஓயாமல் தின்றன, தின்ற கையோடு கழித்தன. டப்பாவின் அடியில் மிளகைக் கொட்டினாற்போல் ஈர உருண்டைகள். அதைத் தினமும் சுத்தம் செய்வது யார்? நான்தான். யூகேஜி படிக்கும் மகன் ஒருநாள் ஒரு புழுவை விரலால் அழுத்தினான். தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு சிவப்புக் கொம்புகள் பிதுங்கி வந்தன. கூடவே அழுகிய நாரத்தங்காய் நாற்றம். விரலை முகர்ந்து சிரித்துவிட்டு, கழுவாமல் அதே கையால் முறுக்கை எடுத்தான்.

ஒருவழியாக எல்லாம் கூடு கட்டி அடங்கின. ஒரு கூடு கறுத்ததும், "இன்னிக்கு வந்துடும்" என்றாள் மகள். ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தோம். கூட்டில் சின்னதாக ஓட்டை விழுந்தது. இறக்கை வரவில்லை. அரிசி போல ஒரு வெள்ளைப் புழு நெளிந்து கீழே விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

பாத்ரூமுக்கு ஓடினேன். வாந்தி எடுத்து முகம் கழுவிக்கொண்டு வந்தால், "புழுவுக்குள்ள புழு!" என்று மகன் குதித்துக்கொண்டிருந்தான். கணவர் போனில் தேடிப் படித்தார். ஏதோ ஒரு ஈ, புழுவின்மேல் முட்டையிடுமாம். அதன் குஞ்சுகள் உள்ளே புகுந்து தின்று வளருமாம்.

"உயிரோட இருக்கும்போதேவாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"ஆமா."

அவள் அழவில்லை. அந்தக் கூட்டைப் பேப்பரில் மடித்துக் குப்பையில் போட்டவளும் அவள்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இன்னொரு கூட்டிலிருந்து நிஜமாகவே ஒரு பட்டாம்பூச்சி வந்துவிட்டது. நனைந்த துணி போலக் கசங்கியிருந்தது. "கையை நீட்டும்மா" என்று என் மணிக்கட்டில் ஏற்றிவிட்டாள். கால்கள் முள் மாதிரி குறுகுறுத்தன. கறுப்பில் மஞ்சள் புள்ளிகளோடு இறக்கைகள் மெல்ல விரிந்தன. அதன் பின்பக்கத்திலிருந்து செம்பழுப்பாக ஒரு சொட்டு விழுந்து முழங்கைவரை வழிந்தது. உதறினால் அது செத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கீழே வேன் ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. கடைசியில் அது எதிர்வீட்டு மொட்டைமாடிப் பக்கம் பறந்தது.

"அழகா இருந்துச்சில்லம்மா?"

"இருந்துச்சு. ஆனா உவ்வே!"

இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. நான் சிரிக்கவில்லை. கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, மீதிக் கூடுகள் இன்றைக்கே பால்கனிக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.