இறந்த குழந்தையைத் தொட்ட கை

தங்கையின் வளைகாப்பில் அதைச் சொல்லியிருக்கக் கூடாதாம். அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையை ஞானஸ்நானத்தில் ஏந்தி நிற்கும் ஞானத்தாய் நான்தான் என்று அப்போது முடிவாகியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமாம். ஆனால் கேட்டது யார்? அவள் மாமியார்தான். அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் தங்கை வீட்டு ஹாலில், எலுமிச்சை சாதத் தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, "சம்மர் ஃபுல்லா ஆளையே காணோமே, வெக்கேஷனா?" என்றார். கேட்டால் பதில் சொல்வேன். சொன்னேன்.

பல்கேரியாவில் ஒரு சூரியகாந்தி வயலுக்கு அடியில் இடைக்காலத்து ஊர் ஒன்று இருக்கிறது. வீடுகள், அடுப்புகள், சற்றுத் தள்ளி அந்த ஊர்க்காரர்களின் கல்லறைகள். அதன் மேல் நெடுஞ்சாலை வரப்போகிறது. புல்டோசர் வருவதற்குள் தோண்டி எடுத்தாக வேண்டும். எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன நோய் என்று சொல்வது என் வேலை.

ஒரு குழியில் இளம்பெண்ணின் எலும்புக்கூடு. தலை மேற்கே, கால் கிழக்கே, கைகள் மார்பின் மேல். கால்மாட்டில் ஒரு எலி வளை. அந்த மண்ணில் தீக்குச்சி போல நாலைந்து எலும்புகள் வந்தன. கோழி என்று நினைத்து விலங்கு எலும்புப் பையில் போட்டேன். இத்தனை வருடம் இதே வேலை பார்த்தவள் செய்த தப்பு அது. மாலையில் கழுவும்போதுதான் தெரிந்தது, அவை வயிற்றிலிருந்த பிள்ளையின் விலா எலும்புகள். எலி இழுத்துப் போயிருக்கிறது. அந்தக் குழியின் மண்ணை ஏற்கெனவே வெளியே கொட்டியிருந்தோம். நேரமில்லை, விட்டுவிடு என்றார் குழுத் தலைவர். நான் விடவில்லை. இரண்டு நாள் அந்த மண்ணைத் தண்ணீரில் சலித்தேன். முட்டை ஓடு மாதிரி மண்டையோட்டுத் துண்டுகள் கிடைத்தன. கிடைத்ததையெல்லாம் தாயின் எலும்புகள் இருந்த பெட்டியிலேயே வைத்தேன்.

இதைத்தான் சொன்னேன். ஆன்ட்டி தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பிள்ளை பிறந்த மூன்றாம் வாரம் தங்கை ஃபோன் செய்தாள்.

"அக்கா, அத்தை ரொம்ப அப்செட். செத்த குழந்தைய தோண்டின கை எம் பேரப்புள்ளய தூக்கக் கூடாதுங்கிறாங்க."

"க்ளவுஸ் போட்டுத்தான் தோண்டினேன்னு சொல்லு."

"விளையாடாத. இனிமே அந்த வேலைக்குப் போகலன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பொய்யாவாவது சொல்லு. நீதான் காட்மதர்."

"உனக்குப் பிரசவம் பாத்த டாக்டர் எத்தனை செத்த குழந்தைய எடுத்திருப்பாங்க? அவங்கள மட்டும் எப்படி புள்ளய தொட விட்டீங்க?"

அவள் அழுதாள். நான் பொய் சொல்வதாக இல்லை.

அந்தப் பிள்ளை ரோட்டுக்கு அடியில் நசுங்கியிருந்தால் யாருக்கும் தீட்டு இல்லை. எடுத்துத் தாயோடு சேர்த்தால் தீட்டு. இதே ஆன்ட்டி, நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தால் ஊரிலிருக்கும் தம்பியை விரட்டி வீட்டுக் கல்லறைகளுக்கு வெள்ளையடிக்க வைப்பார். அவன் மெழுகுவர்த்தி ஏற்றுவதை வீடியோ காலில் பார்த்து அழுவார். நான் கும்பிட்டுவிட்டுத்தான் அந்தக் குழிக்குள் இறங்கினேன். அதை யாரும் கேட்கவில்லை.

ஞானஸ்நானத்தன்று மாப்பிள்ளையின் சித்தி மகள் பிள்ளையை ஏந்தி நின்றாள். நான் வராமல் இருப்பேன் என்று நினைத்திருப்பார்கள். முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். யாரும் பிள்ளையை என் கையில் தரவில்லை. வலித்தது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டு ஹாலில் ஆன்ட்டி ரைத்தா வாளியோடு வந்தார்.

"கோவிச்சுக்காதம்மா. அந்த வேலை முடிஞ்சிடுச்சில்ல?"

"இல்ல ஆன்ட்டி. இன்னும் பாதிக் கல்லறை பாக்கி. மே மாசத்துக்கு டிக்கெட் போட்டாச்சு."

ஆன்ட்டி என் இலைக்கு ரைத்தா வைக்காமலே அடுத்தவரிடம் நகர்ந்தார். நானே எழுந்து போய், அவர் கையிலிருந்த வாளியிலிருந்து இரண்டு கரண்டி போட்டுக்கொண்டேன்.