அவன் வீட்டுக்கு வருகிறானா?

ஏனாத்தூர்க் கல்லூரிப் பேருந்தின் ஓட்டுநர் நரைமீசைக்காரர். வீட்டைவிட்டு ஓடிய ஒருவனின் இருண்ட கதையைச் சொல்லும் தமிழ் ராக் ஆல்பத்தை மாணவர்கள் காலைதோறும் ஒலிக்கவிடுவார்கள். அது ஒலிக்கையில், காஞ்சிபுரத்து நெரிசலிலும் அவர் ஹாரனைத் தொடமாட்டார். கடைசிப் பாட்டுக்கு முன்பே கல்லூரி வந்துவிடும்.

ஒருநாள் வண்டியை நிறுத்தியதும் கேட்டார்: “கடைசில அவன் வூட்டுக்கு வர்றானாப்பா?”

“இல்லண்ணா, செத்துடுறான். அதான் கெத்து,” என்றான் ஒரு மாணவன்.

“வந்திருந்தா செம மொக்கையா இருந்திருக்கும்ணா,” என்றாள் உடனிருந்தவள்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். காணாமற்போன அவர் மகனைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் சேதியில்லை என்பது, அதே பேருந்தில் வரும் கல்லூரி ஆசிரியனான எனக்கு மட்டுமே தெரியும்.

“பசங்க தப்பா சொல்றாங்க. அவன் வந்துடுறான்,” என்றேன்.

“நீங்க கேட்டீங்களா சார்?”

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

“அவங்க முழுசா கேட்டவங்க சார். நீங்க நல்லவரு,” என்றார்.

அத்துணை வலிக்கும்படி என்னை எவரும் பாராட்டியதில்லை.